பாத்துக்கங்க சிஸ்டர்

அந்த டாக்டர் எங்கள் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வீட்டில் சேமியா பாயசம் வைத்து டப்பாவில் கொண்டுபோனேன். இப்போது நினைத்தால், அந்தப் பாலை வாசலில் கொட்டியிருந்தாலாவது பூனை குடித்திருக்கும் என்று தோன்றுகிறது. அவர் மதுரை, நான் திண்டுக்கல். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டோம். துபாயிலோ, நம் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பிறந்தவர் என்றால் போதும், பாதிச் சொந்தம் ஆகிவிடுகிறார். "நம்ம பக்கத்துப் பொண்ணா நீங்க? அப்ப எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் காலி செய்தார். நான் பூரித்துப்போனேன்.

எங்கள் கிளினிக் ஊருக்கு வெளியே, லேபர் கேம்ப்புகள் வரிசையாக இருக்கிற பக்கம். மூன்று கட்டுமானக் கம்பெனிகளின் ஆட்களுக்கும் பொதுவாக அது ஒன்றுதான். ஒரு டாக்டர். நானும் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியுமாக இரண்டு நர்ஸ். விசா, லைசென்ஸ், அரபிக் கடிதம் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைவதற்கு ஒரு பி.ஆர்.ஓ. அவர் காயல்பட்டினத்துக்காரர், தமிழ் பேசுகிற நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவர் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நான் குடியிருந்தது சத்வாவில், ஒரு தையல் கடைக்கு மேலே, ஒற்றை ரூமில். நான், என் வீட்டுக்காரர், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள். வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து மூன்று பேரும் என் விசாவில்தான் இருந்தோம். என் விசா என் வேலையை நம்பி இருந்தது, வேலை என் நர்ஸ் லைசென்ஸை நம்பி இருந்தது. பர்ஸில் கிடந்த அந்த பிளாஸ்டிக் கார்டு போனால் மகளின் பள்ளிக்கூடமும் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சும்மா நர்ஸ் இல்லை. இப்படிச் சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நர்சிங் முடித்து, ஐ.சி.யு.வில் ஆறு வருஷம் நின்று, அதற்கு மேல் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷம் படித்தவள். நோயாளியைப் பரிசோதிப்பது, மருந்தைத் தேர்ந்தெடுப்பது, அளவு போடுவது எல்லாம் அந்தப் படிப்பில் உண்டு. சில நாடுகளில் இதைப் படித்த நர்ஸ் மார்ஃபின்கூடத் தன் பெயரில் எழுதலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. நானோ படிப்பை முடித்துவிட்டு ஊரில் பார்த்தது, டாக்டர் வரும்வரை ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. துபாயில் லைசென்ஸுக்கு மனுப் போட்டபோதும் அந்த இரண்டு வருஷத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். கார்டில் 'ரெஜிஸ்டர்ட் நர்ஸ்' என்று மட்டும் அச்சாகி வந்தது. சோறு போடுகிற கார்டு ஆயிற்றே என்று வாய் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

கட்டுப்பாட்டு மருந்துகள் என்று ஒரு வகை இருக்கிறது. மார்ஃபின், டிராமடால் மாதிரி கடுமையான வலிக்குக் கொடுப்பவை. போதைக்கும் ஆகும் என்பதால் சட்டம் அவற்றின் மேல் உட்கார்ந்து காவல் காக்கிறது. எங்கள் கிளினிக்கில் அதற்கென்று இரண்டு பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியும், சிவப்பு அட்டை போட்ட ரெஜிஸ்டரும் இருந்தன. சாவி என்னிடம் இருக்கும். ஊசியும் நான்தான் போடுவேன். ஆனால் யாருக்கு, எது, எவ்வளவு என்று எழுதுகிற பேனா டாக்டருடையது மட்டும். அவசரத்துக்கு அவர் போனில் சொல்லலாம், அதற்கும் முறை இருக்கிறது. மருந்தின் பெயரையும் அளவையும் அவர் வாயால் சொல்ல வேண்டும், நான் எழுதித் திருப்பிப் படிக்க வேண்டும், இன்னொரு நர்ஸ் அதைக் காதால் கேட்க வேண்டும், மறுநாளுக்குள் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதில் எது குறைந்தாலும் மாட்டுவது ஊசி போட்டவள்தான்.

மதுரைக்காரருக்கு முன்னால் இருந்த எகிப்து டாக்டர் இதில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். சரியான சிடுமூஞ்சி. போன் செய்தால், "ரீட் பேக் சிஸ்டர், ரீட் பேக்" என்று காது கிழியக் கத்துவார். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிக்க வேண்டும். ஒருநாள் நான் பொறுமை இழந்து "ஐ நோ டாக்டர்" என்றேன். "யூ நோ, மாஃபி! ஐ ஸே, யூ ரைட்!" என்று எகிறினார். தெரியும் என்ற பேச்சே கிடையாது, நான் சொல்ல வேண்டும், நீ எழுத வேண்டும், அவ்வளவுதான். நானும் பிலிப்பைன்ஸ்காரியும் அவரை எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருப்போம்! அந்த மனிதரை இப்போது எங்காவது பார்த்தால் காலில் விழுந்துவிடுவேன்.

மதுரைக்காரர் வந்த முதல் மாதமே எல்லாம் மாறியது. சிறுநீரகக் கல் வலியில் ஒரு ஆள் தரையில் கிடந்து உருண்டார். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். போன் செய்து வழக்கம்போல இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "என்ன சிஸ்டர், நம்மகிட்டப் போயி எதுக்கு இங்கிலீஷு?" என்று சிரித்தார். "வலி தாங்கலைன்னா நீங்களே பாத்துக்கங்க. நான் வந்து சைன் பண்றேன்." சொன்னபடியே வந்தார், கையெழுத்துப் போட்டார். "கரெக்டாக் குடுத்திருக்கீங்க. நீங்க பாதி டாக்டர் சிஸ்டர், இங்க உள்ளவங்களுக்குத்தான் அது தெரியல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷமாக ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ரூமுக்குப் போய் வீட்டுக்காரரிடம் நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை அவர், "சரிங்க பாதி டாக்டர், காபி கிடைக்குமா?" என்றார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. 'நான் வந்து சைன் பண்றேன்' என்ற பாதி மெல்ல உதிர்ந்துபோய் 'பாத்துக்கங்க' மட்டும் நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். நீ கொடு, நான் பொறுப்பு. மருந்தின் பெயரை அவர் சொல்வதில்லை, அளவைச் சொல்வதில்லை, நான் திருப்பிப் படிப்பதும் இல்லை. பிலிப்பைன்ஸ்காரிக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவள் காதால் கேட்டும் பயனில்லை. தாய்மொழியில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது சட்டம் வெளியே நிற்கட்டும் என்பது போல நடந்துகொண்டோம்.

அவர் காலையில் சாப்பிடப் போகிற நேரமும் நீண்டுகொண்டே போனது. ஷார்ஜாவில் நண்பர் ஒருவரின் கிளினிக்கில் காலையில் இரண்டு மணி நேரம் உட்காருகிறார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் டியூட்டி நேரத்தில் அவர் அங்கே இருக்கக்கூடாது என்பதும் தெரியும். யாராவது கேட்டால் "டாக்டர் கேம்ப் ரவுண்ட்ஸ் போயிருக்கார்" என்று சொல்ல நானாகவே பழகிக்கொண்டேன். சிவப்பு ரெஜிஸ்டரில், மருந்து கொடுத்தபோது டாக்டர் உடனிருந்தாரா என்று ஒரு கட்டம் உண்டு. "அதுலயும் ஒரு டிக் அடிச்சிருங்க சிஸ்டர், இல்லைன்னா எவனாச்சும் வந்து நோண்டுவான்" என்றார் ஒருநாள். அடித்தேன். இரண்டு வருஷம் அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். பிலிப்பைன்ஸ்காரி லீவில் ஊருக்குப் போயிருந்தாள். சைட்டிலிருந்து பிக்கப் வண்டியில் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். சிவகங்கைப் பக்கத்து ஆள், சாரம் கட்டுகிறவர். மேலேயிருந்து சரிந்த இரும்புக் குழாய்க் கட்டு தொடையில் விழுந்து, எலும்பு உடைந்து, கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், ரோட்டில் டிரெய்லர் ஒன்று குறுக்கே மாட்டி நிற்கிறது, அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். "யக்கா, முடியலக்கா, எதாச்சும் பண்ணுக்கா" என்று அவர் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு கதறினார். காலை நேராக்கிக் கட்டை வைத்துக் கட்டினால்தான் உள்ளே ரத்தம் போவது குறையும். விரல் பட்டாலே துடித்தார்.

டாக்டருக்கு மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. காலைப் படம் எடுத்து அனுப்பினேன். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் சொல்லி, "மார்ஃபின் போடட்டுமா டாக்டர்?" என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அவர் குரல் வந்தது. "நீங்களே பாத்துக்கங்க சிஸ்டர். நான் வந்துர்றேன்." பின்னால் ஏதோ குழந்தை இருமிக்கொண்டிருந்தது. எங்கள் கிளினிக்குக்குக் குழந்தைகள் வருவதே இல்லை.

அலமாரியைத் திறந்தேன். ஐந்து மில்லிகிராம், நரம்பில், மெதுவாக, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் அவர் மூச்சிலும். ஏதாவது ஆனால் முறிப்பதற்கான மருந்தையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் கோட்டைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. "இப்ப பரவால்லக்கா" என்றார். காலைக் கட்டினேன். ஆம்புலன்ஸ்காரர்களிடம் கொடுத்த சீட்டில் மருந்து, அளவு, நேரம் போட்டு, 'டாக்டரின் வாய்மொழி உத்தரவு' என்று எழுதினேன். ரெஜிஸ்டரிலும் அதையே எழுதினேன். உடனிருந்தார் கட்டத்தில் மட்டும், அவசரத்திலோ என்னவோ, டிக் போடாமல் விட்டுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் போய் ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சூப்பர் சிஸ்டர், ஒரு காலைக் காப்பாத்திட்டீங்க" என்றார். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். அப்போது அவர் போன் அடித்தது. ஹெட் ஆபீஸ். நான் தரையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மார்ஃபின் கொடுக்கச் சொன்ன டாக்டரோடு பேச வேண்டும் என்று கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறார்கள். காக்கா எடுத்து, டாக்டர் இன்னும் வரவில்லையே என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அது ஹெட் ஆபீஸ் வரை போய்விட்டது. டாக்டர் "யெஸ் சார், யெஸ் சார்" என்று கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார். "அப்புறம் போடுறேன் சிஸ்டர்" என்று ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பேனாவை மூடியதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, எவ்வளவு பெரிய மண்டு நான்!

மறுநாள் எனக்கு மெயில் வந்தது. டாக்டரின் உத்தரவு இல்லாமல் கட்டுப்பாட்டு மருந்து கொடுத்ததாகப் புகார், விசாரணை முடியும்வரை டியூட்டிக்கு வர வேண்டாம், குற்றம் உறுதியானால் லைசென்ஸ் கொடுத்த ஆபீஸுக்குத் தெரிவிக்கப்படும். டாக்டருக்குப் போன் செய்து அழுதேன். "அட, எதுக்கு அழுகுறீங்க? எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவர்கிட்ட எழுதி வாங்கிக்கடி" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு யாரப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும்" என்று அவர் மேல் பாய்ந்தேன். "அதான் அவர் பேசினது என் போன்லயே இருக்கே. இன்னும் என்னத்தை எழுதி வாங்கறது?"

விசாரணையில் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்று மகளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். "பாத்துக்கங்கன்னா இங்கிலீஷ்ல என்னடி?" என்று கேட்டேன்.

"டிபெண்ட்ஸ்மா" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "டேக் கேர்னு சொல்லலாம், வாட்ச்னு சொல்லலாம். யார் சொல்றாங்க, எதுக்குச் சொல்றாங்கன்னு பாக்கணும்."

இங்கேயே வளர்ந்தவள், தமிழ் அரைகுறை என்று நான் நாள்தவறாமல் திட்டுகிறவள். அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஹெட் ஆபீஸில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர். எல்லாக் கிளினிக்குகளின் நர்ஸ்களுக்கும் தலைவியாக இருந்த அயர்லாந்துப் பெண்மணி, சிரியாக்காரர் ஒரு பார்மசிஸ்ட், டைப் அடிக்க ஒரு எச்.ஆர். ஆள். தமிழை மொழிபெயர்க்கக் காக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் அடிபட்டவரின் வாக்குமூலத்தைப் படித்தார்கள். காக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி வாங்கி, இங்கிலீஷில் மாற்றியிருந்தார். இரண்டும் என் முன்னால் இருந்தன. பாவம், எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அந்த மனிதர் மனசாரச் சொல்லியிருந்தார். "டாக்டர் யாரும் இல்ல. அக்காதான் எல்லாம் பாத்துக்கிட்டாங்க. அவுங்க இல்லைன்னா என் காலு போயிருக்கும்." காக்காவின் இங்கிலீஷில் அது, டாக்டர் இல்லை, எல்லாவற்றையும் நர்ஸே தன் பொறுப்பில் செய்தார் என்று இருந்தது. அயர்லாந்துப் பெண்மணி அந்த வரியின் கீழே கோடு போட்டார்.

அடுத்து என் போனை வாங்கி டாக்டரின் குரலை ஒலிக்கவிட்டார்கள். "நீங்களே பாத்துக்கங்க சிஸ்டர். நான் வந்துர்றேன்." குழந்தையின் இருமல் அந்த ரூமில் நன்றாகக் கேட்டது. காக்கா எழுந்தார். டாக்டரை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "யூ அப்சர்வ் யுவர்செல்ஃப், சிஸ்டர். ஐ ஆம் கமிங்" என்றார்.

டாக்டர் உடனே தலையாட்டினார். "அதேதான். நான் வரும்வரை நோயாளியைக் கவனித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். வழியில்தான் இருந்தேன். ஆளைப் பார்க்காமல் போனில் மார்ஃபினுக்கு உத்தரவு கொடுக்கிறவன் இல்லை நான்" என்று அழகான இங்கிலீஷில் சொன்னார். எச்.ஆர். ஆள் அதை அப்படியே டைப் அடித்தார்.

நான் எழுந்தேவிட்டேன்.

"காக்கா! அந்த ஆளு பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னா எல்லாத்தையும் நான் செஞ்சேன்னு எழுதுறீங்க. இவரு பாத்துக்கங்கன்னு சொன்னா மட்டும் நான் நின்னு வேடிக்கை பாக்கணுமா? ஒரே வார்த்தை காக்கா! கல்யாண வீட்டுல சமையலைப் பாத்துக்கங்கன்னு சொன்னா, அடுப்பைப் பாத்துக்கிட்டு நிப்பாங்களா?"

தமிழில்தான் கத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், திக்கித் திக்கி, அதையே திரும்பச் சொன்னேன். கல்யாண வீட்டுச் சமையல் இங்கிலீஷில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனாலும் அந்தப் பெண்மணிக்கு ஏதோ பிடிபட்டது. இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வார்த்தையா என்று காக்காவைக் கேட்டார்.

காக்கா கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "சேம் வேர்ட், மேடம். டூ மீனிங்."

டாக்டர் சொன்னது எந்த அர்த்தத்தில் என்று அந்தப் பெண்மணி கேட்டார். காக்கா என்னைப் பார்க்கவில்லை. நோன்பு மாதத்தில் நான் வடை சுட்டுக்கொண்டு போனால், "தங்கச்சி கையி பட்டாலே தனி ருசி" என்று வாங்கிக்கொள்கிற மனிதர். டாக்டர் என்னிடம் போனில் பாத்துக்கங்க என்று சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை முறை கேட்டிருக்கிறார். அந்த வார்த்தை எங்கள் கிளினிக்கில் என்ன பொருளில் புழங்கியது என்று உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்று பேரும் அந்த ரூமில் இருந்தோம்.

"டாக்டர் என்ன நினைச்சுச் சொன்னாரோ, அது டாக்டருக்குத்தான் தெரியும் மேடம்" என்று அவர் இங்கிலீஷில் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இனி எதை மறைத்து என்ன என்று நான் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது என்றேன். அந்த நேரத்தில் டாக்டர் ஷார்ஜாவில் இருப்பார், அந்த இருமலைக் கேளுங்கள், எங்கள் கிளினிக்கில் ஏது குழந்தை என்றேன். அயர்லாந்துப் பெண்மணி சிவப்பு ரெஜிஸ்டரைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். டாக்டர் உடனிருந்தார், டிக். டாக்டர் உடனிருந்தார், டிக். பக்கத்திலேயே டாக்டரின் கையெழுத்து. அன்றைக்கு ஒரு நாள்தான் கட்டம் காலி.

"இந்த டிக்கெல்லாம் யாருடைய கை?" என்று கேட்டார்.

"என்னுடையது."

"அப்படியானால் இரண்டு வருஷமாகப் பொய் எழுதியிருக்கிறீர்கள், அல்லது இப்போது பொய் சொல்கிறீர்கள். எது?"

அப்போது எழுதியதுதான் பொய் என்றேன். வேறு என்ன சொல்வது? சிரியாக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். டாக்டர் என்னைப் பாத்துக்கறேன் என்று சொல்லியிருந்தார் இல்லையா, அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தண்ணீர் பாட்டிலை.

கடைசியில் அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் நேராகப் பேசினார். "என் நாட்டில் நான் மார்ஃபினை என் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் படிப்பு எனக்குத் தெரியும். நீங்கள் கொடுத்த அளவு சரி. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கொடுத்திருப்பேன். ஆனால் இங்கே சட்டம் அந்தப் பேனாவை நமக்குக் கொடுக்கவில்லை. அது இல்லாதவள் இரண்டு அர்த்தம் உள்ள ஒரு வார்த்தையை உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எகிப்துக்காரர் அன்று போனில் கத்தியதைத்தான் இவர் மெதுவாகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. எனக்கு வேலை போயிற்று, லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். போலீஸுக்குப் போகாமல் விட்டதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டருக்குத் தாமதமாக வந்ததற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம். பத்தாம் வகுப்பில் நடுவருஷத்தில் ஊரில் எந்தப் பள்ளிக்கூடமும் மகளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஒரு வருஷம் வீண். அவள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் கேட்டிருந்தால்கூடத் திருப்பிக் கத்தியிருப்பேன், அவள் கேட்கவில்லை. "விடு, பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர், அவளுக்குக் கேட்கட்டும் என்று. "அந்த வார்த்தைய இந்த ரூம்ல இனிமே யாராச்சும் சொன்னீங்க..." என்று நான் போட்ட சத்தத்தில் கீழே கடையில் தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

விசா ரத்து செய்கிற காகிதங்களில் கையெழுத்து வாங்கக் காக்காதான் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளைங்க ஊர்ல படிக்குது தங்கச்சி. டாக்டர் மேனேஜ்மென்ட்டுக்கு வேண்டியவரு" என்றார். பிறகு, மெல்ல, "நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்ல காக்கா. பொய் சொல்லியிருந்தீங்கன்னா உங்களைத் திட்டிட்டு நிம்மதியாப் போயிருவேன்" என்றேன்.

அவர் காகிதங்களை மடித்து உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கடைசியாக ஒருமுறை கிளினிக்குக்குப் போனேன். லீவு முடிந்து வந்திருந்த பிலிப்பைன்ஸ்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளிடம் சாவியைக் கொடுத்து, ரெஜிஸ்டரில் ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போட்டேன். திரும்பினால் கதவருகே டாக்டர் நிற்கிறார். ஓடி ஒளிய இடம் இல்லாததால்தான் நின்றார் என்று நினைக்கிறேன்.

"என் நிலைமை உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்?" என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கும் குடும்பம் இருக்கு. சரி, ஊருக்குப் போயி உடம்பைப் பாத்துக்கங்க."

"எந்தப் பாத்துக்கங்க டாக்டர்?" என்று கேட்டேன். "எங்கிட்டச் சொன்ன பாத்துக்கங்கவா, கமிட்டிகிட்டச் சொன்ன பாத்துக்கங்கவா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த போனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"டேக் கேர், சிஸ்டர்" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் இங்கிலீஷில் பேசியது அதுதான் முதல் தடவை.